பச்சை வண்டியின் கோளாறு

மோட்டார் வண்டி விஷயத்தில் பூதலிங்கத்தை ஏமாற்ற ஆளில்லை என்று பாளையங்கோட்டையில் பேர். அந்தப் பேரைக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு வாய்க் காப்பி வாங்கிக் குடிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். பஞ்சு மில் முதலாளி ஒருவரிடம் வெகுகாலம் டிரைவராக இருந்தான். முதலாளி போய்ச் சேர்ந்ததும் மகன்மார் வண்டியை விற்றார்கள். டிரைவரையும் சேர்த்து விற்க வழியில்லாததால் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அப்புறம் வேலை தேடி அலைந்து, செருப்புத் தேய்ந்து, கடைசியில் மனைவி முத்தாரம்மாளையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்து சேர்ந்தான்.

முத்தாரம்மாளின் அண்ணன் பிச்சையாவுக்கு ஆரியசாலையில் வற்றல், மல்லி மொத்தக் கடை. கடை மாடியில் மூட்டைகளுக்கு நடுவே ஓர் இடத்தை ஒழுங்குபண்ணித் தங்கையையும் மாப்பிள்ளையையும் இருக்கச் சொன்னார். வற்றல் நெடியில் இரண்டு பேரும் தும்மிக்கொண்டே குடித்தனம் பண்ணினார்கள். பிச்சையாவைக் கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. சோறு போட்டார். ஆனால் சாப்பிடுகிறவன் இலையில் கை வைக்கும்போது ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகு சோறு தொண்டையில் இறங்குவது கஷ்டம். முத்தாரம்மாள் அண்ணன் வீட்டில் தலை நிமிர்ந்து யாரிடமும் பேசி பூதலிங்கம் பார்த்ததில்லை.

திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே வாடகை மோட்டார்கள் ஓட ஆரம்பித்திருந்த காலம் அது. பிச்சையாவுக்கும் அந்த ஆசை பிடித்தது. ஒருநாள் கடையில் உட்கார்ந்தபடி மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, பழைய வண்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நீரு ஓட்டும். வாறதில உமக்கும் பங்கு உண்டு. ஆனா ஒண்ணு, கேட்டோ. வண்டியைப் பாத்து நல்லதுன்னு சொல்ல வேண்டியது உம்ம பொறுப்பாக்கும். வாங்கின பெறவு கோளாறுன்னு வந்து நிக்கப்பிடாது. நின்னா அன்னைக்கே நீரும் உம்ம பெட்டியும் ஊரைப் பாத்து நடையைக் கட்ட வேண்டியதுதான்."

"ஆட்டும் அத்தான்" என்றான் பூதலிங்கம். வேறு என்ன சொல்வான்?

பழைய வண்டி வாங்குவதற்கு அதைவிட மோசமான சமயம் கிடையாது. முந்தின வருஷம் கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில்தான் மலையாளத் தேசம் முழுக்க வெள்ளத்தில் மிதந்தது. மூழ்கிக் கிடந்த வண்டிகளையெல்லாம் துடைத்து, சாயம் பூசி, தரகர்கள் தெற்கே கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பூதலிங்கம் பார்த்த முதல் வண்டி அப்படிப்பட்டது. வெளியே கண்ணாடிபோல் மினுங்கியது. சீட்டுக்கு அடியில் கையை விட்டால் ஆற்று வண்டல். இரண்டாவது வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. அதுதான் அவனுக்குச் சந்தேகம். கியர்ப் பெட்டி எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். மரத்தூள்! தேய்ந்துபோன பல்சக்கரம் சத்தம் போடாமலிருக்க மரத்தூளைக் கலந்து வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். இரண்டையும் வேண்டாமென்று தள்ளிவிட்டான். பிச்சையா மெச்சிக்கொள்ளவில்லை.

"நீரு எதைத்தான் நல்லதுன்னு சொல்லுவீரு? பூஜப்புரையில ஒரு வக்கீல் வண்டி இருக்காம். அதையும் பாத்துட்டு வாரும். இதோட நான் நிறுத்திக்கிடுவேன்" என்றார்.

வக்கீல் வைகாசியில் இறந்துவிட்டார். சொத்தெல்லாம் மலையாள வழக்கப்படி அவர் தறவாட்டு மருமக்கள், அதாவது சகோதரியின் பிள்ளைகள் பக்கம் போய்விட்டது. பச்சை நிற மோட்டாரை மட்டும் மனைவி அம்மிணியம்மையின் பேருக்கு மாற்றி வைத்திருந்தார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி மருமக்கள் ஆளனுப்பிக்கொண்டிருந்தார்கள். வண்டியை விற்றுத்தான் அந்த அம்மாள் மகள் பாகீரதியை அழைத்துக்கொண்டு எங்கேயாவது ஒதுங்கியாக வேண்டும். இதெல்லாம் தரகன் சொல்லித் தெரிந்தது. பூதலிங்கத்துக்கு இரக்கம் வந்ததா என்றால், இல்லை. கஷ்டப்படுகிறவன் வண்டியில்தான் கோளாறு அதிகம் இருக்கும் என்று எச்சரிக்கை வந்தது.

மறுநாள் காலையில் ஒரு டின் பெட்ரோலைத் தூக்கிக்கொண்டு பூஜப்புரைக்கு நடந்தான். பிச்சையா பிறகு ஜட்காவில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அம்மிணியம்மைக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளை முண்டு உடுத்து, அதிகம் பேசாமல் வண்டிக் கொட்டகையின் சாவியை எடுத்துக் கொடுத்தாள். கதவைத் திறந்தான். கூரைத் துணி மடக்கி வைத்த பச்சை வண்டி. பித்தளையெல்லாம் பளபளவென்று துலங்கியது. 'சரி, எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய், பார்க்கிறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சட்டையைக் கழற்றினான்.

முதலில் சீட்டைத் தூக்கி முகர்ந்தான். வெள்ளத்தில் நனைந்த குதிரைமயிர் எத்தனை வெயில் காய்ந்தாலும் நாறும். இங்கே நாற்றமில்லை. பலகைச் சட்டங்களை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தான். கரையான் தின்ற மரம் பொக்கென்று சத்தம் கொடுக்கும். ஒன்றும் பொக்காக இல்லை. சக்கரத்து மர ஆரக்கால்களைப் பிடித்து ஆட்டினான், ஆடவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினான்; திருப்பின மாத்திரத்தில் சக்கரம் திரும்பியது. கியர் எண்ணெயைத் தொட்டு நாக்கில்கூட வைத்துப் பார்த்தான். சுத்தம். கடைசியாக ஒரு சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வெகுநேரம் மேலே பார்த்தான். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எங்கும் ஒழுகல் இல்லை. இப்படி உலர்ந்த வயிறுள்ள வண்டியை அவன் பார்த்ததே இல்லை.

சாக்கில் கிடந்தபடியே அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. நல்ல வண்டி! ஒரு யோக்கியன் வைத்து ஆண்ட வண்டி. இதை ஓட்டப்போகிறவன் நான். முத்தாரு இனிமேல் வற்றல் மூட்டைக்கு நடுவில் படுக்க வேண்டாம். கரமனைப் பக்கம் ஒரு வீடு பார்க்கலாம். மனுஷனுக்கு நல்ல காலம் வந்துவிட்டதாகத் தோன்றும்போது எங்கேயாவது ஒன்று இடறும். ஆனால் அதை அப்போது அவனிடம் யார் சொல்வது?

எழுந்து எஞ்சினைப் பார்த்தான். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்துத் திருப்தியோடு செருகினான். பாக்கி இருந்தது ரேடியேட்டர், அதாவது எஞ்சினைச் சூடேறாமல் காக்கிற முன்பக்கத் தண்ணீர்த் தொட்டி. அதன் பித்தளை மூடியின் மேல் சூடு காட்டுகிற சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. மூடி இறுகிக் கிடந்தது. கண்ணாடி உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து திருகினான். அப்போது வீட்டு வாசற்படியிலிருந்து அம்மிணியம்மை குரல் கொடுத்தாள்.

"வெள்ளம் ஒழிச்சிட்டில்ல, கேட்டோ!"

இந்த இடத்தில் பூதலிங்கத்தின் மலையாளப் புலமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வந்த புதிதில் சாலைக் கடைத்தெரு ஹோட்டல் ஒன்றில் பரிமாறுகிறவன், "வெள்ளம் வேணோ?" என்று கேட்கப்போய், ஊரை மூழ்கடித்த வெள்ளத்தை இவன் ஏன் நமக்குத் தருகிறான் என்று விழித்தான். பக்கத்து இலைக்காரர் சிரித்துவிட்டு, மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு ஏற்பட்ட வெட்கத்தில் பூதலிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு நாலு வார்த்தை கற்றுக்கொண்டான். தனக்கு மலையாளம் பிடிபட்டுவிட்டது என்று ஒரு நினைப்பும் வந்துவிட்டது.

ஆகவே இப்போது வெள்ளத்தைச் சட்டென்று தண்ணீர் என்று மாற்றிக்கொண்டான். ஒழிப்பதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதுதான் தமிழாயிற்றே! முத்தாரம்மாள் தினமும், "அந்தச் சட்டியை ஒழிச்சுக் குடுங்க, கழுவணும்" என்று சொல்கிறாளே. ஒழிப்பது என்றால் காலி பண்ணுவது. தண்ணீரைக் காலி பண்ணவில்லை என்கிறாள் அந்த அம்மாள். ஆக உள்ளே தண்ணீர் இருக்கிறது. இறுகின மூடியைத் திருகி, செத்தவர் துடைத்துத் துடைத்து வைத்த கண்ணாடியை உடைப்பானேன்?

"மனஸிலாயி" என்றான் பெருமையோடு. புரிந்தது என்று அர்த்தம்; கற்றுக்கொண்ட நாலு வார்த்தையில் அதுவும் ஒன்று. மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அவளும் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

பெட்ரோலை ஊற்றி, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். இரண்டாம் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு பாகீரதி ஜன்னலுக்கு ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா போனபிறகு அந்தச் சத்தம் அந்த வீட்டில் கேட்டதில்லை. பூதலிங்கம் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியை வெளியே எடுத்தான். கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் பேச்சு.

கொஞ்ச தூரத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எந்த வழியில் தினமும் ஓட்டப்போகிறானோ அந்த வழியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கரமனைப் பாலத்தைத் தாண்டி நாகர்கோவில் ரோட்டில் விட்டான். ஏற்றத்தில் வேண்டுமென்றே வண்டியைத் திணற அடித்துப் பார்த்தான். அது திணறவில்லை. மூடிமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தான். சிவப்பு ரசம் ஏறவே இல்லை. 'இத்தனை ஏற்றம் ஏறியும் சூடாகவில்லையே, என்ன எஞ்சின்!' என்று வியந்தான். தொட்டியில் தண்ணீர் இருந்து ஆவி கிளம்பினால்தான் அந்த ரசம் ஏறும் என்று அவனுக்குத் தெரியாது. மில் முதலாளி வண்டியில் அந்தக் கண்ணாடி கிடையாது.

நேமத்துக்குப் பக்கத்தில் சாயம் தீய்கிற வாடை அடித்தது. யாரோ தேங்காய்த் தொண்டு எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். வண்டியைத் திருப்பினான். பாப்பனங்கோட்டை நெருங்கும்போது எஞ்சினுக்குள் டக்டக்கென்று யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது. நிறுத்துவதற்குள் வண்டியே நின்றுவிட்டது. இறங்கி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். அது இம்மிகூட நகரவில்லை. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, இந்தத் தடவை கண்ணாடியைப் பற்றிக் கவலைப்படாமல், பலமெல்லாம் கூட்டி மூடியைத் திருகித் திறந்தான். அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் அனல் அடித்தது. உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கும் ஒழுகல் இல்லாத வண்டியில் இருந்த தண்ணீர் எங்கே போயிற்று? காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும் என்பதால் மரத்தடியில் உட்கார்ந்து ஆறட்டும் என்று காத்திருந்தான். தொட்டுப் பார்த்தால் சுடவில்லை என்று ஆன பிறகு எதிரே இருந்த வீட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் கேட்டான். அங்கே நின்ற ஸ்திரீ நல்லவள். அவளே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிவரை வந்து, தொட்டியின் வாயில் குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒழிக்கட்டே?"

"ஐயோ, ஒழிச்சிராத தாயி! ஊத்தணும், இதுக்குள்ள ஊத்தணும்!"

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அதல்லே சோதிச்சது? வெள்ளம் ஒழிக்கட்டே?" என்று, அதைத்தானே கேட்டேன் என்கிற பாவனையில் சொல்லிக்கொண்டே குடத்தைக் கவிழ்த்து ஊற்றினாள்.

பூதலிங்கம் அந்தத் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஊரில் ஒழிப்பது காலி பண்ணுவது. இந்த ஊரில் ஒழிப்பது ஊற்றுவது. தண்ணீர் ஊற்றவில்லை, பார்த்துக்கொள் என்று அந்த அம்மாள் வாசலில் நின்று கூவியிருக்கிறாள். வண்டி நாள்கணக்கில் சும்மா கிடக்கும்போது துருப்பிடிக்காமலிருக்கத் தண்ணீரை வடித்துவிடுவது நல்ல வழக்கம். வக்கீல் அதைச் செய்யச் சொல்லிவிட்டுத்தான் செத்திருக்கிறார். இவன் மனஸிலாயி என்று சொல்லியிருக்கிறான். தலையைக் கொண்டுபோய் மரத்தில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது.

ஊற்றின தண்ணீர் எஞ்சினின் பக்கவாட்டில் கசிந்து வந்தது. குனிந்து பார்த்தான். மயிரிழைக் கீறல் ஒன்று மேலிருந்து கீழே ஓடியிருந்தது. காலையில் அந்த இடத்தை அவன் விரலால் தடவிப் பார்த்திருக்கிறான். அப்போது அங்கே ஒன்றுமில்லை.

ஒரு கட்டை வண்டிக்காரனைக் கெஞ்சி, காளைகளுக்குப் பின்னால் மோட்டாரைக் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டு போனான். கரமனைக் கடைத்தெரு முழுக்கப் பார்த்துச் சிரித்தது. பூதலிங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பூஜப்புரையில் பிச்சையா முன்னமே வந்து வாசலில் நின்றிருந்தார். அம்மிணியம்மை படியிறங்கி வந்தாள். காளைகளைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வெள்ளம் ஒழிச்சோ?" என்று கேட்டாள்.

"தண்ணி ஊத்தினீரான்னு கேக்காவ, மாப்ளே" என்றார் பிச்சையா. இப்போது அவனுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னார்.

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. சொன்னால் இந்த வண்டியும் போயிற்று, இனி எந்த வண்டியையும் பிச்சையா தன்னை நம்பித் தரமாட்டார். பழைய கோளாறு என்று சொன்னால், இதோடு நிறுத்துவேன் என்றவர்தான் ஆனாலும், நாலாவதாக இன்னொரு வண்டி பார்க்கச் சொல்வார். பூதலிங்கம் சொல்வதை மறுத்துப் பேச அந்த அம்மாள் வீட்டில் வண்டி தெரிந்த ஆள் இல்லை. இந்தக் கணக்கு அவன் மனசில் ஓடி முடிய வெகுநேரம் ஆகவில்லை என்பதுதான் கேவலம்.

"ஊத்தினேன்" என்றான்.

"பின்னே என்ன கோளாறு?"

"எஞ்சின்ல பழைய கீறல் அத்தான். எதையோ வச்சு அடைச்சு, மேல சாயம் பூசி மறைச்சிருக்கு. தூரமா ஓட்டினாத்தான் தெரியும். நேமம் வரைக்கும் போனதாலதான் பிடிச்சேன்."

பிச்சையா அதை மலையாளத்தில் அந்த அம்மாளிடம் சொன்னார். அவள் சண்டை போடுவாள் என்று பூதலிங்கம் எதிர்பார்த்தான். சண்டை போட்டிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து, அவன் காட்டின கீறலைக் குனிந்து பார்த்தாள்.

"என்னோடு கூடிப் பறஞ்ஞில்லல்லோ" என்றாள் மெதுவாக.

என்னிடம்கூட அவர் சொல்லவில்லையே என்கிறாள். அவள் இவனை நம்பிவிட்டாள். புருஷனைத்தான் நம்பவில்லை. அந்தக் கோலத்திலும் அவள் உள்ளே போய், வெயிலில் வந்தவர்களாயிற்றே என்று இரண்டு லோட்டாவில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதைக் குடித்தான். வேண்டாமென்று சொல்லக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

ஜட்காவில் திரும்பும்போது பிச்சையாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"உம்ம கண்ணு இல்லைன்னா நான் இன்னைக்குக் குழியில விழுந்திருப்பேன், மாப்ளே. வக்கீலாக்கும்! செத்தும் ஏமாத்தப் பாத்திருக்கான், பாத்தீரா? உம்மைப் போல ஒரு ஆளு இந்தத் திருவனந்தபுரத்தில கிடையாது."

சாலைக் கடைத்தெருவுக்குள் ஜட்கா நுழைந்ததும் பிச்சையா பெருமூச்சு விட்டார்.

"மூணு வண்டி பாத்தாச்சு. மூணும் களவு. மோட்டார் வியாபாரம் நமக்கு விதிச்சதில்ல, கேட்டோ. இனி அந்தப் பேச்சே வேண்டாம். நீரும் எத்தனை நாளு இங்கன இருப்பீரு? நாளைக்கு மத்தியான பஸ்ஸுல முத்தாருவைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிரும். ஒரு வழி பிறக்காமலா போகும்?"

ஆக, பொய் சொல்லி அவன் காப்பாற்ற நினைத்தது ஜட்கா சாலைக் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் போயிற்று. நாலாவது வண்டி கிடையாது. அந்த அம்மாளைக் கவிழ்த்ததில் அவனுக்குக் கிடைத்தது மோர் மட்டும்தான்.

சாயங்காலம் கடைக்கு வந்தவர், போனவர், தரகர், ஒருவரையும் விடாமல் பிச்சையா கதை சொன்னார். வக்கீல் எப்படி மறைத்தார், மாப்பிள்ளை எப்படிப் பிடித்தார் என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். மாடிப்படியில் நின்று முத்தாரம்மாள் அத்தனையும் கேட்டாள். ராத்திரி சோறு போடும்போது அவள் முகத்தை பூதலிங்கம் பார்த்தான். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது.

"ஊருக்குப் போகணுமேன்னு எனக்குக் கவலையில்ல, கேட்டியளா" என்றாள். "அண்ணன் வாயால உங்களை நல்லா நாலு வார்த்தை சொல்லிக் கேட்டுட்டேன். மதினியும் கேட்டுக்கிட்டுதான் நின்னா. அது போதும் எனக்கு."

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்குத்தான் பிச்சையாவின் பார்வை இல்லாமலே அப்படி ஆயிற்று.

விடிந்ததும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூஜப்புரைக்குப் போனான். இனிமேல் இழக்க ஒன்றுமில்லை என்ற தைரியம். அம்மிணியம்மை முற்றத்தில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். பாதி தமிழும் பாதி மலையாளமுமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தண்ணீர் ஊற்றாமல் ஓட்டினதையும், அந்த வார்த்தையைத் தப்பாக எடுத்துக்கொண்டதையும், கீறல் புதிது என்பதையும் ஒளிக்காமல் சொன்னான். காலில் விழப்போனான். அவள் தள்ளி நின்றுகொண்டாள்.

பிறகு உள்ளே திரும்பி, "மோளே, பாகீரதி, இங்ஙோட்டு வா" என்று கூப்பிட்டாள். மகள் வந்ததும், "அச்சன் கள்ளம் பறஞ்ஞதல்ல. வண்டி நல்ல வண்டியாயிருந்நு" என்றாள். அப்போதுதான் அவள் கண்ணில் நீர் வந்தது. தகப்பன் பொய் சொல்லவில்லை என்று கேட்ட அந்தப் பெண் சந்தோஷப்படுவதா, இவனை அடிப்பதா என்று தெரியாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மிணியம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனிடம் தெளிவாகச் சொன்னாள். அவனுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே சொல்லப் பார்த்தாள்.

"எஞ்சின் போயா போகட்டும். பாக்கி வண்டி நல்லதல்லே? ஆற்றிங்ஙல்காரர் ஒருத்தர் வாங்கறதா இருந்தார். நேத்துச் சாயங்காலம் தரகன் வந்து, கள்ள வண்டி, அவர்க்கு வேண்டா எந்நு பறஞ்ஞிட்டுப் போயி. ஆரியசாலையில எல்லாரும் அங்ஙனெ சொல்றாங்களாம். என்னோடு சொல்லி எந்து காரியம்? அவிடெப் போய்ச் சொல்லணம். நிங்ஙள் சொன்னாத்தான் நம்புவாங்க."

"சொல்லுதேன் தாயி. இப்பமே போய்ச் சொல்லுதேன்" என்றான் பூதலிங்கம்.

அப்போது அவன் சொன்னது பொய்யில்லை. ஜகதி வழியாக ஓட்டமும் நடையுமாகப் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். அத்தான், வண்டியில் கோளாறு இல்லை, கோளாறு என்னிடம். இவ்வளவுதானே. ஆற்றிங்கல்காரருக்கு விஷயம் எட்டும். அந்த இரண்டு ஜீவன்களுக்கும் ஒரு வழி கிடைக்கும்.

கடையில் பிச்சையாவைச் சுற்றி நாலைந்து வியாபாரிகள் இருந்தார்கள். அவனைக் கண்டதும் பிச்சையா, "இவருதானாக்கும் நான் சொன்ன மாப்பிள்ளை!" என்று கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். மாடிப்படியின் கீழ்ப்படியில் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு முத்தாரம்மாள் நின்றாள். அண்ணன் எடுத்துக் கொடுத்த புதுச் சேலை கட்டியிருந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எல்லாரையும் நேருக்கு நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான்" என்றான் பூதலிங்கம்.

"சொல்லும் மாப்ளே."

கடை முழுக்க அவன் வாயைப் பார்த்தது. முத்தாரம்மாளும் பார்த்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான்.

கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் கிளம்பியது. கரமனைப் பாலம் வந்தது, போயிற்று. பாப்பனங்கோட்டில் ஒரு கிணற்றடியைப் பார்க்க வேண்டாம் என்று பூதலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான். முத்தாரம்மாளுக்குப் பேச்சு நிற்கவில்லை.

"அந்த வக்கீல் என்ன களவாணியா இருந்திருப்பான், பாத்தியளா? பொண்டாட்டி பிள்ளைக்கே தெரியாம மறைச்சிருக்கானே! ஊருக்குப் போனதும் நம்ம தெருவுல ஒருத்தரு பாக்கியில்லாம எல்லார்ட்டயும் சொல்லப்போறேன். சொல்லட்டுமா?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"சொல்லு" என்றான்.